எச்-4 மகள், எஸ்எஸ்என் உள்ள மகன்: 2025 ரிட்டர்னில் டிபெண்டென்ட் குழப்பம்

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான அமெரிக்க ஃபெடரல் வருமான வரி ரிட்டர்ன் போடுகிறேன், பிள்ளைகளை டிபெண்டென்டாக (என்னைச் சார்ந்தவர்களாக) காட்ட வேண்டும். பிள்ளைகள் இருவர் விஷயத்திலும் சாஃப்ட்வேர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் எச்-1பி (வேலை விசா), எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) உண்டு. மனைவி எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசா), வேலை அனுமதி கிடையாது, போன வருடம் இருவரும் சேர்ந்து போட்ட ஜாயின்ட் ரிட்டர்னோடு வாங்கிய ஐடிஐஎன் (எஸ்எஸ்என் பெற முடியாதவர்களுக்கான வரி எண்) இருக்கிறது. 2023 ஜனவரியில் அமெரிக்கா வந்தோம். மகளுக்கு 9 வயது, அவளும் எச்-4. அவளுக்கு எஸ்எஸ்என்னும் இல்லை, ஐடிஐஎன்னும் இல்லை. இதுவரை எந்த ரிட்டர்னிலும் அவளைக் காட்டியதில்லை. மகன் 2024 ஜூனில் இங்கேயே பிறந்தவன், எஸ்எஸ்என் இருக்கிறது. ஏஜிஐ (ரிட்டர்னில் சரிக்கட்டிய மொத்த வருமானம்) சுமார் 1,38,000 டாலர்.

மனைவி 2025 மார்ச் 10 அன்று மகனை மதுரைக்குக் கூட்டிப் போனார். மே 25 அன்று அவர் மட்டும் திரும்பி வந்தார். மகன் தாத்தா பாட்டியோடு இருந்துவிட்டு அக்டோபர் 28 அன்று அவர்களோடு வந்து சேர்ந்தான். மகள் முழு வருடமும் பள்ளிக்காக என்னோடு இங்கேதான்.

1) "இந்தக் குழந்தை உங்களோடு எத்தனை மாதம் வசித்தது" என்ற கேள்விக்கு 4 என்று போட்டால் கிரெடிட் (வரித் தள்ளுபடி) 2,200 டாலரிலிருந்து 500க்கு இறங்குகிறது. எது சரி?
2) மகளைக் காட்ட முடியுமா? 2023, 2024க்கும் திருத்தி வாங்கலாமா?
3) நவம்பர், டிசம்பரில் மகனை டேகேரில் விட்டோம். அதற்கான கிரெடிட் உண்டா?

---

மாடிப்படி எழுதியது:

அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நாட்கள் கணக்கில் சேராது. ஜனவரி முதல் மார்ச் 9 வரை 68 நாள், கடைசியில் 65 நாள், ஆக 133. பாதி வருடத்தைத் தொடவில்லை. மகனுக்கு 500தான். மகளுக்கு எஸ்எஸ்என் இல்லாததால் ஒன்றும் கிடையாது.

---

பேரேடு எழுதியது:

மாடிப்படி சொன்ன இரண்டும் தவறு. பலரும் இப்படியே நினைத்துப் பணத்தை விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மகன். "குவாலிஃபையிங் சைல்ட்" (முழு கிரெடிட்டுக்குத் தகுதியான பிள்ளை) ஆவதற்கு உறவு, வயது, வசிப்பு, பராமரிப்பு என்று சில சோதனைகள் இருக்கின்றன. உங்கள் மகன் தடுமாறுவது வசிப்பில் மட்டும்தான். அந்தச் சோதனை கேட்பது "குழந்தை உங்களோடு பாதி வருடத்துக்கு மேல் வசித்ததா" என்பதை. "அமெரிக்காவில் வசித்ததா" என்பதை அல்ல. அமெரிக்க மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை குறைந்த வருமானக்காரர்களுக்கான இஐடிசி என்கிற வேறொரு கிரெடிட்டுக்கு உரியது. உங்கள் வருமானத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 133 என்ற கணக்கு வருகிறது.

நீங்கள் ஜாயின்டாக ஃபைல் செய்கிறீர்கள். அப்பாவோடு இருந்தாலும் அம்மாவோடு இருந்தாலும் "உங்களோடு" இருந்ததாகவே பொருள். மனைவி மதுரையில் இருந்தது விடுமுறைப் பயணம். வீடு இங்கேதான் இருந்தது. ஆகவே ஜனவரி 1 முதல் மே 25 வரை 145 நாள், அக்டோபர் 28 முதல் டிசம்பர் 31 வரை 65 நாள், மொத்தம் 210. தேவை 183. தாண்டிவிட்டீர்கள்.

மே 26 முதல் அக்டோபர் 27 வரை தாத்தா பாட்டியிடம் மட்டும் இருந்த நாட்களை நான் சேர்க்கவில்லை. நோய், படிப்பு, தொழில், விடுமுறை, ராணுவப் பணி போன்ற காரணங்களால் தற்காலிகமாகப் பிரிந்திருந்தால் அது சேர்ந்திருந்ததாகவே கொள்ளப்படும். ஐந்து மாதம் பாட்டி வீட்டில் விட்டதை அதில் நுழைக்க வாதாடலாம். ஆனால் வாதாடாமலே எண்ணிக்கை நிறைகிறபோது அதைத் தொடுவானேன்.

சாஃப்ட்வேரில் 7 மாதம் என்று போடுங்கள். 2025க்கான 1040 என்ற ரிட்டர்ன் படிவத்தில் டிபெண்டென்ட் பகுதியை மாற்றியிருக்கிறார்கள். பாதி வருடத்துக்கு மேல் உங்களோடு வசித்ததற்கு ஒரு கட்டம், அது அமெரிக்காவிலா என்பதற்கு அடுத்து ஒரு கட்டம். மகனுக்கு முதல் கட்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். இரண்டாவதில் கை வைக்காதீர்கள். மகளுக்கு இரண்டும்.

சான்றுகளை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்: மனைவி, மகன் இருவருடைய விமான டிக்கெட், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் சென்னையிலோ மதுரையிலோ குத்திய முத்திரைகளின் நகல், குழந்தை மருத்துவரின் வருகைப் பதிவு. கடிதம் வந்தால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கேட்பது தேதியும் முகவரியும் உள்ள தாள்களை. விளக்கக் கடிதத்தை அல்ல.

மனைவி மே மாதம் வரை அங்கே இல்லாமல், மார்ச்சிலேயே விட்டுவிட்டுத் திரும்பியிருந்தால்? அப்போது "குவாலிஃபையிங் சைல்ட்" தகுதி போயிருக்கும். ஆனாலும் மொத்தமாகக் கைவிட்டுப் போகாது. அவன் உங்கள் மகன், பராமரிப்பில் பாதிக்கு மேல் உங்கள் செலவு, அவனுக்கு வருமானம் இல்லை, மதுரைத் தாத்தா அமெரிக்காவில் ரிட்டர்ன் போடுகிறவர் இல்லை. எனவே "குவாலிஃபையிங் ரிலேட்டிவ்" என்ற வழியில் 500 டாலர் கிடைத்திருக்கும். சாஃப்ட்வேர் 4 மாதத்துக்கு 500 காட்டியது அந்த வழியில்தான்.

மகளுக்கு வருவோம். எஸ்எஸ்என் இல்லாவிட்டால் 2,200 டாலர் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் கிடையாது. 2018 முதல் அப்படித்தான். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோரிடமும் எஸ்எஸ்என் வேண்டும் என்கிறது. ஜாயின்ட் ரிட்டர்னில் இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஆகவே உங்கள் மனைவியின் ஐடிஐஎன் மகனுடைய 2,200க்குத் தடை இல்லை. மகள் ஐடிஐஎன்னோடு "அதர் டிபெண்டென்ட்" வகையில் 500 டாலர் வாங்கித் தருவாள். அது வரியைக் குறைக்கும். வரி பூஜ்யம் ஆன பிறகு மிச்சம் கைக்கு வராது. உங்கள் ஏஜிஐக்கு அந்தக் கவலை இல்லை.

பழைய வருடங்கள் போனது போனதுதான். அந்தந்த வருட ரிட்டர்னின் கெடு தேதிக்குள், நீட்டிப்பு வாங்கியிருந்தால் அதற்குள், ஐடிஐஎன் வாங்கியிருக்க வேண்டும் அல்லது விண்ணப்பித்திருக்க வேண்டும். 2023க்கும் 2024க்கும் அது நடக்கவில்லை. 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) போட்டுத் தபால் செலவு செய்ய வேண்டாம்.

டேகேர்: கிடைக்காது. படிவம் 2441 கணவன், மனைவி இருவருக்கும் சம்பாதித்த வருமானம் இருக்க வேண்டும் என்கிறது. துணைவர் முழுநேர மாணவராகவோ, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவராகவோ இருந்தால் விலக்கு உண்டு. எச்-4இல் வீட்டில் இருப்பவர் இதில் எதிலும் வரமாட்டார். அலுவலகத்தில் டிபெண்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ (பிள்ளைப் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் வரியில்லாமல் ஒதுக்கும் கணக்கு) எடுத்திருக்கிறீர்களா என்று டபிள்யூ-2 சம்பளப் படிவத்தின் 10ஆம் பெட்டியைப் பாருங்கள். அங்கே தொகை இருந்தால் இதே காரணத்தால் அது வரிக்குரிய வருமானமாகத் திரும்பி வந்து சேரும். எச்-4 குடும்பங்கள் அதிகம் அடிபடும் இடம் இது.

---

எழுத்துக்கூட்டி எழுதியது:

ஐடிஐஎன் கேட்கும் டபிள்யூ-7 விண்ணப்பம் எங்கே திரும்பி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டபிள்யூ-7ஐத் தனியாக அனுப்பக் கூடாது. 1040ஐ அச்செடுத்து, மகளின் பெயரை டிபெண்டென்டாக எழுதி, எண்ணுக்கான இடத்தை வெறுமனே விட்டு, மேலே டபிள்யூ-7ஐ வைத்து ஆஸ்டினில் உள்ள ஐடிஐஎன் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். வழக்கமாகப் பேப்பர் ரிட்டர்ன் போகும் முகவரி வேறு, மாற்றி அனுப்பிவிடாதீர்கள். சில சாஃப்ட்வேர்கள் எண் இல்லாமல் மேலே நகர விடாது. அதற்காக 999 என்று ஏதாவது அடித்து, அதோடேயே அச்செடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சில் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

காரணத்துக்கு "டி" கட்டம்: குடிமகன் அல்லது ரெசிடென்ட் ஏலியனின் (வரி விதிப்படி இங்கே வசிப்பவராகக் கொள்ளப்படும் வெளிநாட்டவரின்) டிபெண்டென்ட். உறவுமுறை எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் கையெழுத்திட்டு, பெற்றோர் என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும்.

பாஸ்போர்ட் ஒன்றே போதும் என்பது பாதி உண்மை. டிபெண்டென்டின் பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குள் நுழைந்த தேதி முத்திரை இருந்தால்தான் அது தனித்து நிற்கும். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள். இங்கே தூதரகத்தில் புதுப்பித்திருந்தால் முத்திரை பழைய புத்தகத்தில் தங்கிவிடும், புதியது வெறுமையாக இருக்கும். அப்படி இருந்தால், 6 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு அமெரிக்கப் பள்ளிப் பதிவும் சேர்க்க வேண்டும். 6 வயதுக்குக் கீழ் என்றால் மருத்துவப் பதிவு. பள்ளிப் பதிவு என்றால் சேர்க்கைக் கடிதம் அல்ல. மதிப்பெண், பாடங்கள், பருவத்தின் தேதிகள், பள்ளியின் பெயர், அலுவலர் கையெழுத்து எல்லாம் உள்ள ரிப்போர்ட் கார்டு. அந்தப் பருவம் முடிந்து 12 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பெற்றோர் போர்ட்டலில் இறக்கி அச்செடுத்த தாளில் கையெழுத்து இருக்காது. பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

நோட்டரி நகல் செல்லாது. பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்ப மனமில்லாதவர்களுக்கு இரண்டு வழி: அப்பாயின்ட்மென்ட் எடுத்து, இந்தச் சேவை உள்ள ஐஆர்எஸ் உள்ளூர் அலுவலகத்துக்குப் போகலாம், ஐஆர்எஸ் அங்கீகரித்த சர்டிஃபையிங் ஏஜென்டிடம் சரிபார்க்கலாம். டிபெண்டென்டுக்கு ஏஜென்ட் சான்றளிக்க முடிவது பாஸ்போர்ட்டுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மட்டுமே. ரிப்போர்ட் கார்டு அசலாகவே போக வேண்டும்.

காலம் 7 வாரம் என்பார்கள். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை அனுப்பினால் 9 முதல் 11 வாரம். ரிட்டர்னும் அதற்குப் பிறகுதான் நகரும், ரீஃபண்டும் அப்படியே. கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் அசல் பாஸ்போர்ட்டை அனுப்பவே வேண்டாம். "சிபி566" என்று கடிதம் வந்தால் ஏதோ குறைகிறது என்று பொருள், 45 நாளுக்குள் பதில் போக வேண்டும். வீடு மாறுகிறவர்கள் கவனம்.

அடுத்தது பெயர், நம்மவர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கும், பள்ளியில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், ரிட்டர்னில் இன்னொரு வரிசை இருக்கும். டபிள்யூ-7இல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், 1040இலும் அதே. மகனுக்கு எஸ்எஸ்என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யுங்கள். ஐஆர்எஸ் கணினி எண்ணோடு ஒப்பிடுவது கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளை. அப்பா பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறியிருந்தால் இ-ஃபைல் திரும்பி வரும். எண் தப்பு என்று நினைத்து எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தப்பு பெயரில் இருக்கும்.

---

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. 210 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மகளின் பாஸ்போர்ட் போன வருடம் புதுப்பித்ததுதான், முத்திரை இல்லை. பள்ளியில் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு. எங்கள் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டாகிவிட்டது, மகளுக்கு ஈஏடி (வேலை அனுமதி அட்டை) எதிர்பார்க்கிறோம். வந்தால் எஸ்எஸ்என் கிடைக்குமே, காத்திருக்கலாமா? மாமனார் மாமியார் மகனோடு அக்டோபர் 28 வந்தவர்கள், ஏப்ரல் 25 வரை இருப்பார்கள். அவர்களைக் காட்டலாமா?

---

பேரேடு எழுதியது:

ஐ-485 என்றால் கதையே மாறுகிறது. காத்திருங்கள், ஆனால் சும்மா காத்திருக்காதீர்கள். ஏப்ரல் 15க்குள் படிவம் 4868 போட்டு அக்டோபர் 15 வரை நீட்டிப்பு வாங்குங்கள். விதி கேட்பது ரிட்டர்னின் கெடுவுக்குள், நீட்டிப்பையும் சேர்த்து, குழந்தைக்கு எஸ்எஸ்என் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை. அக்டோபர் 15க்குள் வந்துவிட்டால் 2025க்கே மகளுக்கும் 2,200. நீட்டிப்பு போடாமல் ஏப்ரலில் ஃபைல் செய்துவிட்டு, ஜூலையில் எஸ்எஸ்என் வந்ததும் 1040-எக்ஸ் போட்டால் 2,200 கிடைக்காது. ஒரு பக்கப் படிவத்தில் 1,700 டாலர் வித்தியாசம்.

நீட்டிப்பு தாக்கல் செய்வதற்குத்தான், கட்டுவதற்கு அல்ல. வரி பாக்கி இருக்கும் என்று தெரிந்தால் ஏப்ரல் 15க்குள் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வட்டி ஓடும்.

மகளின் எஸ்எஸ்என் அட்டையில் "டிஎச்எஸ் அனுமதியோடு மட்டுமே வேலைக்குச் செல்லும்" என்று அச்சிட்டிருக்கும் (டிஎச்எஸ் என்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை). பயப்பட வேண்டாம், அனுமதி நடப்பில் இருக்கும்வரை அது கிரெடிட்டுக்குச் செல்லும். "வேலைக்குச் செல்லாது" என்று அச்சிட்டதுதான் செல்லாது. அக்டோபர் தொடக்கம் வரை வராவிட்டால் அப்போது டபிள்யூ-7ஓடு பேப்பரில் அனுப்பி 500ஐயாவது பிடியுங்கள். அதற்கும் அதே 15ஆம் தேதிதான் கெடு. ரிப்போர்ட் கார்டின் 12 மாதக் கணக்கையும் அப்போது மறுபடி பாருங்கள்.

மாமனார் மாமியார்: முடியாது. டிபெண்டென்ட் ஆகிறவர் குடிமகனாகவோ வரி விதிப்படி ரெசிடென்ட்டாகவோ இருக்க வேண்டும் (கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்களுக்குத் தனி வழி, நமக்கு வேண்டாம்). இங்கே இருந்த நாள் கணக்கு 183 வந்தால்தான் ரெசிடென்ட். 2025இல் அவர்கள் இருந்தது 65 நாள். 2026இல் ஏப்ரல் 25 வரை 115 நாள், அதோடு போன வருடத்து 65இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 136. 183 வரவில்லை. ஒருவேளை இன்னொரு முறை வந்து 183ஐத் தாண்டினாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ரெசிடென்ட் என்றால் ஊர் பென்ஷன், எஃப்டி வட்டி எல்லாம் இங்கே கணக்கில் வரும். ஆண்டு வருமானம் 5,200 டாலரை, சுமார் நாலரை லட்சம் ரூபாயைத் தொட்டால் 2025 விதிப்படி டிபெண்டென்ட் தகுதியே இல்லை. தலைக்கு 500 டாலருக்காக பெரியவர்களை அமெரிக்க வரி வலைக்குள் இழுக்காதீர்கள்.

---

புதுவரவு கேட்டது:

இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் 2025 ஆகஸ்ட் 1 அன்றுதான் முதன்முதலாக வந்தோம். எச்-1பி, மனைவியும் 7 வயது மகளும் எச்-4. அதன்பின் எங்கும் போகவில்லை. ஜாயின்டாக ஃபைல் செய்து முழு வருட ரெசிடென்ட் ஆகிக்கொண்டால் மகளையும் காட்டலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். சரியா?

---

பேரேடு எழுதியது:

பாதி சரி. ஜாயின்டாக ஃபைல் செய்ய எடுக்கும் தேர்வு கணவன் மனைவி இருவரை மட்டுமே ரெசிடென்ட் ஆக்கும். பிள்ளையை ஆக்காது. ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை 153 நாள், 183 இல்லை. அப்படியே மகளைப் போட்டு அனுப்பினால் அவள் நான்-ரெசிடென்ட், டிபெண்டென்ட் அல்ல.

அதற்கு வேறொரு கதவு இருக்கிறது: "ஃபர்ஸ்ட் இயர் சாய்ஸ்" (வந்த முதல் வருடத்திலேயே ரெசிடென்ட்டாகக் கொள்ளும் தேர்வு). 2025இல் தொடர்ந்து 31 நாள் இருந்திருக்க வேண்டும், அந்த 31 நாளின் தொடக்கத்திலிருந்து வருடக் கடைசி வரை 75 சதவீத நாட்களாவது இருந்திருக்க வேண்டும், 2026இல் 183 நாள் சோதனையில் தேற வேண்டும். உங்களுக்கு நீங்கள் இந்தத் தேர்வை எடுக்கும்போது, தானாக ரிட்டர்ன் போட வேண்டியிராத மகளுக்காகவும் நீங்களே எடுக்கலாம். அவளும் அதே நிபந்தனைகளில் தேற வேண்டும், ரிட்டர்னோடு இணைக்கும் அறிக்கையில் அவள் பெயரும் தேதிகளும் தனியாக வர வேண்டும். ஜாயின்ட் தேர்வுக்கும் இதுவே படிக்கல். வருடக் கடைசியில் இருவரில் ஒருவராவது ரெசிடென்ட்டாக இருக்க வேண்டும் அல்லவா?

பிடி ஒன்று உண்டு. 2026 சோதனையில் தேறிய பிறகுதான் இந்த ரிட்டர்னை அனுப்ப முடியும். 153இல் மூன்றில் ஒரு பங்கு 51. மீதி 132 நாள். நடுவில் ஊருக்குப் போகாமல் இருந்தால் மே 12 அன்று நிறையும். ஆகவே ஏப்ரலில் 4868 போட்டு, மே 12க்குப் பிறகு ரிட்டர்ன், மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனி டபிள்யூ-7, அறிக்கைகள் எல்லாம் ஒரே உறையில்.

முழு வருட ரெசிடென்ட் என்றால் ஜனவரி முதல் ஜூலை வரை ஊரில் வாங்கிய சம்பளமும் இங்கே சேரும். அங்கே பிடித்த வரிக்குப் படிவம் 1116இல் கிரெடிட் எடுக்கலாம். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஊர்ச் சம்பளம் பெரிதாக இருந்து அங்கே வரி குறைவாகப் பிடித்திருந்தால், மகளுக்காக வரும் 500 அதிலேயே கரைந்துவிடும்.

---

மாடிப்படி எழுதியது:

என் பதிலில் இஐடிசி விதியைக் கொண்டுவந்து இதில் ஒட்டிவிட்டேன். திருத்தியதற்கு நன்றி. 133ஐ யாரும் பின்பற்ற வேண்டாம்.